மன்னார்க் கரையில் ஓர் உதைபந்தாட்டப் பருவம்

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மன்னார் நகருக்குப் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் பேருந்தில் வருகின்றவர், முப்பது கிலோமீற்றரை எட்டாத அந்த வழியில் ஒரே காட்சியைப் பலமுறை காண்பார். ஊருக்கு ஊர், கோயிலடி மணல்வெளியிலும் பனந்தோப்பின் ஓரத்திலும் சிறுவர்கள் பந்தை உதைத்து ஓடிக்கொண்டிருப்பர். நட்டுவைத்த இரண்டு தடிகளே கோற்கம்பங்கள். சிலருக்குக் காலணி உண்டு, பலருக்கு இல்லை. விடியற்காலையில் தந்தையின் வலையில் மீன் கழற்றிவிட்டுப் பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு, மாலையில் மணலில் இப்படி ஓடும் வலிமை எங்கிருந்து வருகின்றது என்பது ஆசிரியர்களாகிய எமக்கே விளங்காத புதிராகும்.

இக்கரையில் உதைபந்தாட்டத்துக்குள்ள செல்வாக்கை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மன்னார் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரியின் பெயரை இவ்விளையாட்டோடு சேர்த்து அறியாதார் வடமாகாணத்தில் அரியர். நான் இன்று கூற எண்ணியது வேறொன்று. இத்துணை ஆர்வம் நிறைந்த கரையில், ஒரு பாடசாலை அணிக்கு ஓர் ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் வாய்க்கின்றன என்பதே என் கேள்வி.

நம் நாட்டுப் பாடசாலை விளையாட்டின் ஒழுங்கு ஏணி போன்றது. முதற்படி கல்வி வலயம். மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரு வலயங்கள் உள்ளன. வலயத்தில் வென்ற அணி மாகாணத்துக்குச் செல்லும். அங்கே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டத்து அணிகளைச் சந்திக்கும். மாகாணத்தில் தேறிய அணிகளே அகில இலங்கைப் போட்டிக்கு உரியன. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலும் கையாளப்படுவது விலகல் முறை. அதாவது, தோற்றவர் அன்றே வீடு திரும்பவேண்டும்.

இம்முறையின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். பதினாறு அணிகள் விலகல் முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றுள் எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வெளியேறும். மேலும் நான்கு அணிகளுக்கு இரண்டாட்டங்கள் கிடைக்கும். வெற்றிக் கிண்ணம் பெறும் அணிக்கும் நான்கே ஆட்டங்கள்தாம். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாத ஓர் ஆட்டம்! ஆட்டம் சமநிலையில் முடிந்தால் 11 மீற்றர் தூரத்திலிருந்து ஆளுக்கொரு தண்டனை உதை. 1970ஆம் ஆண்டில் விதிகளில் இடம்பெற்ற இந்தத் தீர்வு முறை, அதற்குமுன் வழங்கிய திருவுளச்சீட்டைவிட மேலானதே. ஆயினும், அந்த ஓர் உதையைத் தவறவிட்ட பதினேழு வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டில் வயதெல்லையைக் கடந்துவிடுவான். தவறைத் திருத்திக்கொள்ள அவனுக்கு மறு ஆட்டம் இல்லை.

ஒரு காலத்தில் இதே இடர்ப்பாடு இங்கிலாந்தின் பெருங் கழகங்களுக்கும் இருந்தது. கிண்ணப் போட்டியில் முன்னேறிய அணி, முன்னரே ஒப்புக்கொண்ட வேறு ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் கைவிடும். எதிரணியோ, கூடிய சனத்தைத் திருப்பியனுப்பிவிட்டுத் திகைத்து நிற்கும். இதற்கு முடிவுகாண விரும்பிய வில்லியம் மக்கிரகர் என்பவர் 1888 மார்ச்சில் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியையும் தன் ஊரில் ஒருமுறையும் அதன் ஊரில் ஒருமுறையும் சந்திக்கவேண்டும் என்பது அவர் யோசனை. பன்னிரண்டு கழகங்கள் இணங்கின. அதுவே உலகின் முதல் உதைபந்தாட்ட லீக். முதலாண்டில் பிரெஸ்ரன் அணி 22 ஆட்டங்களில் 18இல் வென்று, நான்கைச் சமன்செய்து, ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றது. பிரெஸ்ரனின் புகழ் ஒருபுறமிருக்க, கடைசி இடத்தில் நின்ற அணியும் 22 ஆட்டங்களை ஆடியது என்பதை நாம் மறத்தலாகாது.

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகள் ஆடுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டு. ஆயினும், அவர்கள் வகுத்த ஒழுங்கும் இவ்வகையினதே. 1896இல் சிக்காகோ நகரையும் அதன் சுற்றுவட்டாரங்களையும் சேர்ந்த ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடித் தமக்குள் ஒரு குழு அமைத்தன. இத்தகைய குழுவை அங்கே 'கொன்பரன்ஸ்' என்பர். நாம் அயற்குழு எனலாம். அருகருகே உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஒருவரையொருவர் சந்திப்பதும், ஒரே விதிக்குக் கட்டுப்படுவதும், தம்முள் முதல்வர் யார் எனக் காண்பதும் அதன் நோக்கம். அக்குழு 2024 முதல் 18 பல்கலைக்கழகங்களோடு அத்திலாந்திக் கரைக்கும் பசிபிக் கரைக்கும் இடையே பரந்து கிடக்கின்றது. தொலைக்காட்சிப் பணத்தின் கவர்ச்சி அயலாரை அயலாராக இருக்கவிடவில்லை போலும். நமக்கு அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை!

லீக் முறையில் புள்ளிக் கணக்கு முதன்மை பெறும். முன்னாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இதனால், தோல்விக்கு அஞ்சிய அணிகள் கோலடியில் ஆட்களைக் குவித்துவைத்து ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்கவே முயன்றன. இதனை மாற்ற இங்கிலாந்து 1981இல் வெற்றிக்கு மூன்று புள்ளி என விதித்தது. 1994இல் உலகக் கிண்ணப் போட்டியும் அதனை ஏற்றது. இன்று ஒரு வெற்றியும் இரண்டு தோல்விகளும் பெற்ற அணிக்கும், மூன்று சமநிலைகள் பெற்ற அணிக்கும் மும்மூன்று புள்ளிகளே. துணிந்து ஆடித் தோற்பவனுக்கும் இதில் இடமுண்டு.

அயற்குழு அமைவதற்கு முதலில் வேண்டியவர்கள் அயலார். மன்னாரில் அவர்களே இல்லாமற்போன காலம் ஒன்றிருந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியார் புத்தளக் கரையில் குடியேறினர். போர்க்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல மடுவிலும், கடல்கடந்து தமிழகத்திலும் தஞ்சம் புகுந்தன. ஊர் கலைந்தபோது ஊரின் அணியும் கலைந்தது. போர் 2009இல் ஓய்ந்தது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலம் 2010இலும், யாழ்ப்பாண வழியைச் சுருக்கிய சங்குப்பிட்டிப் பாலம் 2011இலும் திறக்கப்பட்டன; 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. சென்றவர் எல்லோரும் திரும்பினர் எனல் இயலாது. ஆனால், வழிகள் திறந்துள்ளன, பாடசாலைகள் நடக்கின்றன, மைதானங்களில் மறுபடியும் பந்து உருள்கின்றது.

இங்குள்ள ஆட்டத்துக்கென ஒரு தனி இலக்கணமும் உண்டு. அதனை வகுத்தது காற்று. ஆண்டின் நடுப்பகுதியில் தெற்கிலிருந்து வீசும் சோழகம் தென்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். படகுகள் வடகடலை நாடும். ஆண்டிறுதியில் வாடை வீசும்போது நிலைமை மாறும். தீவின் தென்கரையில் 2020இல் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டது காரணமின்றியன்று. சோழகத்துக்கு எதிரே உயரத் தூக்கியடித்த பந்து பாதிவழியில் நின்று, அடித்தவனை நோக்கியே திரும்புவதும் உண்டு. ஆகையால், இக்கரைப் பிள்ளைகள் பந்தைத் தரையோடு தரையாக, குறுகிய தூரத்தில் கைமாற்றி, இல்லை, கால்மாற்றி ஆடப் பழகுகின்றனர். நாணயச் சுழற்சியில் வென்ற தலைவன் எந்தக் கோலை நோக்கி முதலில் ஆடுவது என்று முடிவுசெய்வதே பாதி ஆட்டம். காற்று முதுகில் இருக்கும் பாதியில் கோல்களைச் சேர்க்கவேண்டும். முகத்தில் அறையும் பாதியில் அவற்றைக் காக்கவேண்டும். வெளியூர் அணிகள் இதனை அறிவதற்குள் இடைவேளை வந்துவிடும். எனினும், இந்த நுட்பங்களெல்லாம் ஆடி ஆடிப் பெறுபவை. ஆண்டில் ஓர் ஆட்டம் ஆடுகின்றவனுக்கு அவை வசப்படுவதில்லை.

இனி ஒரு கணக்கு. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, மன்னார் நகர், வங்காலை, முருங்கன் என ஆறு ஊர்ப் பாடசாலைகள் ஓர் அயற்குழுவாகச் சேர்ந்தால் போதும். விலகல் முறையில் ஆறு அணிகளுக்கு ஐந்தே ஆட்டங்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐவரையும் ஒருமுறை சந்திப்பதானால் 15 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து. நாளொன்றுக்கு மூன்றாட்டம் வீதம் ஐந்து நாட்களில் நடத்தி முடிக்கலாம். எந்த அணியும் இரவுத் தங்கலுக்கு இடம்தேட வேண்டியதில்லை. அதிபர் நாற்காலியில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும்: மாகாணப் போட்டிக்கு ஒருமுறை பேருந்து அமர்த்தும் செலவில், அயலூர்ப் பயணங்கள் பலவற்றை முடித்துவிடலாம். வலயப் போட்டி வழமைபோல் நடக்கட்டும். அதற்குச் செல்லும் அணி, ஐந்து ஆட்டங்களின் பழக்கத்தோடு செல்லும்.

நாட்களைத் தெரிவதில் சற்றுக் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை எருக்கலம்பிட்டியில் தொழுகை நாள். ஞாயிறு பேசாலையிலும் வங்காலையிலும் திருப்பலி நாள். ஆதலின் சனிக்கிழமையே பொருந்தும். யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய மடுத் திருவிழா நாட்களையும், யூலை 26இல் வரும் வங்காலை புனித ஆனாள் திருநாளையும் அடுத்த சனிக்கிழமைகளை விட்டுவிடுதல் நலம். அந்நாட்களில் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பார்ப்பதற்குப் பெற்றோரும் வரமாட்டார்கள். மத்தியஸ்தர்களுக்கோ பஞ்சமில்லை. ஊர்க் கழகங்களில் ஆடி ஓய்ந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். தம் சொந்த ஊர் ஆடும் ஆட்டத்துக்கு மாத்திரம் அவர்களிடம் ஊதுகுழலைக் கொடாதிருப்பது நன்று.