பழைய டைலை உடைக்கும் முன்...



தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் தாமான் வீடுகளில் குடியேறியவர் நம்மில் பலர். தீபாவளி நெருங்கினால் குசினியைப் புதுப்பிக்க ஆசை வரும். "டைல்தானே, நாமே உடைச்சிடலாம்" என்று உளியும் சுத்தியலும் எடுப்போம். உடைக்கலாம், ஆனால் அந்தத் தூசியை லேசாக எண்ணாதீர்கள்.

டைலிலும் அதன் அடியிலுள்ள சிமெண்டு மணலிலும் சிலிக்கா இருக்கிறது. பெரிய தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாக்கும். அதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். குணமாக்க மருந்தில்லை, காசநோயும் எளிதில் பற்றும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் தமிழர் பலரின் நெஞ்சை அரித்தது இதே சிலிக்காத் தூசிதான்.

ஒருநாள் வேலையில் இந்நோய் வந்துவிடாது. தினமும் டைல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கே பெரும் ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் அரிசி, பாத்திரங்களை வெளியேற்றுங்கள். குழந்தைகளை அக்கம்பக்கத்தில் விடுங்கள். மின்சாரத்தை அடைத்துவிட்டு, டைலை நனைத்து நனைத்து உடையுங்கள். விஷமருந்து அடித்த பம்பில் தண்ணீர் தெளிக்கவே கூடாது! மின் மெஷினால் காய்ந்த டைலை அறுக்காதீர்கள். வாயில் துண்டு கட்டினால் போதாது. என்95 முகமூடி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். காய்ந்த தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்குத் துணியைத் தனியே துவையுங்கள்.

டைல் வேலை செய்பவருக்கு இருமலோ மூச்சிரைப்போ நீடித்தால், கிளினிக்கில் தொழிலைச் சொல்லி நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

குசினி புதுசாகட்டும், நெஞ்சு கெடவேண்டாம்!