பிள்ளையின் பிரஜாவுரிமையும் ஓர் அமானிதமே

பிள்ளை, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிறந்தவுடன் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் பெயரிட்டு, முடி களைந்து, அகீகா கொடுக்கிறோம். இவற்றில் குறை வைக்காத பெற்றோர் பலர், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை பதிவதை மட்டும் ‘பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்று விட்டு விடுகிறார்கள். பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்போதுதான் கவலை வருகிறது.

பளையில் இருந்து பார்க்கும் எவருக்கும் இது புதிய கதையல்ல. கண்டி வீதியில், குடாநாட்டின் வாசலில், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே உள்ள இவ்வூரும் வன்னியும் யுத்தத்தால் சிதறின. 1983க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் படகேறித் தமிழகம் சென்று மண்டபம் முதலான முகாம்களில் வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் தஞ்சம் புகுந்தனர். அவர்களிலும் பலர் பின்னர் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றனர். போன இடங்களில் பிள்ளைகளும் பிறந்தார்கள். அப்பிள்ளைகள் எந்த நாட்டவர்?

‘பிறந்த மண்ணே நாடு’ என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லா நாட்டிலும் சட்டம் அப்படியில்லை. சவூதியிலோ கட்டாரிலோ வேலைக்குச் சென்ற வெளிநாட்டவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்நாட்டுப் பிரஜாவுரிமை கிடைப்பதில்லை. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் நிபந்தனை மேலும் கடுமையாயிற்று. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உத்தரவிட்டது. ஆனால் அதே முகாமில் ஓரிரு ஆண்டுகள் கழித்து, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

அப்படியானால் இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவழியையே அடிப்படையாகக் கொண்டது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாவதற்கு, பிறக்கும்போது பெற்றோர் இலங்கைப் பிரஜையாக இருப்பது மட்டும் போதாது. அப்பிறப்பு ஒரு வருடத்துக்குள் பதியப்படவும் வேண்டும். காலம் கடந்தால், தகுந்த காரணம் காட்டினால் மேலதிக கால அவகாசம் வழங்கச் சட்டத்தில் இடமுண்டு. எனவே, ‘வருடம் போய்விட்டது, இனி ஒன்றும் நடக்காது’ என்று கைவிட்டு விடக் கூடாது.

முன்பு தந்தையின் பிரஜாவுரிமை மட்டுமே கணக்கிலெடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் பின் தாயின் வழியாகவும் பிள்ளைக்கு இவ்வுரிமை உண்டு. வெளிநாட்டவரை மணந்த நம் சகோதரிகள் இதை அறிந்திருப்பது மிக அவசியம்.

பதிவை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலேயே செய்யலாம். சவூதியில் இருப்போர் ரியாதிலோ ஜித்தாவிலோ, தமிழகத்தில் இருப்போர் சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயத்திலோ விண்ணப்பிக்கலாம். நாடு திரும்பியவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தை நாட வேண்டும். பிள்ளையின் அந்நாட்டுப் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கடவுச்சீட்டுகள், விவாகப் பதிவுப் பத்திரம் ஆகியனவே முக்கியமாகக் கேட்கப்படுகின்றன. பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்த பிறகே கடவுச்சீட்டு. சிறு பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

முதலாவது, விவாகப் பதிவு. வலியும் சாட்சிகளும் மஹரும் இருந்து ஈஜாப் கபூல் நிறைவேறினால் நிக்காஹ் ஷரீஅத்தில் செல்லும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், பதியாத காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாது என்று கூறவில்லை. ஆனால் பதிய வேண்டும் என்று அதே சட்டம் கட்டளையிடுகிறது. அகதி முகாமிலும் அறையிலும் அவசரமாக நடந்த நிக்காஹ்கள் பல, ஏட்டில் ஏறவில்லை. அல்லாஹ்விடம் கணவன் மனைவியாக இருப்பவர்கள், தூதரக மேசையின் முன்னே அதை நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். தண்டனை, பாவமறியாத பிள்ளைக்கு.

இரண்டாவது, பெயரின் எழுத்து. தந்தையின் கடவுச்சீட்டில் ‘மொஹமட்’, பிறப்பத்தாட்சியில் ‘முஹம்மது’, வளைகுடா மருத்துவமனை தந்த அரபுப் பத்திரத்தை மொழிபெயர்த்தால் வேறொரு எழுத்து. உச்சரிக்கும்போது ஒன்றுதான். அதிகாரிக்கோ அது மூன்று மனிதர்கள். மருத்துவமனையில் படிவம் நிரப்பும் அன்றே கடவுச்சீட்டில் உள்ளவாறு ஆங்கில எழுத்துக்களை எழுதிக் கொடுத்தால் இந்த அலைச்சல் மிஞ்சும்.

‘காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா? இது துன்யாவின் விவகாரந்தானே?’ என்று சிலர் கேட்கலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சிகளை நிறுத்தவும், எழுதத் தெரிந்தவர் மறுக்காதிருக்கவும் குர்ஆன் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் பணிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யா உடன்படிக்கையை எழுத்தில் பதிவித்தார்கள். கடனுக்கே எழுத்து வேண்டுமென்றால், ஒரு மனிதனின் நஸபுக்கு வேண்டாமா? பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்று சூரத்துல் அஹ்ஸாப் கட்டளையிடுகிறது. அந்த நஸபை உலகின் முன் நிலைநாட்டும் சாட்சிதான் இப்பத்திரங்கள்.

வளைகுடாவில் வசிப்பவர் தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்கே நட்டம். கடவுச்சீட்டில்லாத பிள்ளைக்கு விசாவும் இல்லை. உரிய காலத்தில் பள்ளிக்கூடமும் இல்லை. தாய் திடீரென நாடு திரும்ப நேர்ந்தால் பிள்ளையை அழைத்துவர ஒரு தற்காலிகப் பயண ஆவணத்துக்கே அலைய வேண்டும். இந்தியப் பிறப்பத்தாட்சியோடு மட்டும் வன்னிக்குத் திரும்பிய பிள்ளைக்கோ, பிரஜாவுரிமைச் சான்றிதழ் இன்றி அடையாள அட்டை எடுப்பதே சிரமம்.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ அந்நாட்டுப் பிரஜையாகப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வம்சாவழிப் பிரஜை வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் கொண்டிருந்தால், 22 வயதுடன் இலங்கைப் பிரஜாவுரிமை கைநழுவக் கூடும். 1987 முதல் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழியுண்டு. அதை முன்கூட்டியே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

மூலப் பத்திரங்கள் யுத்தத்தில் அழிந்தவர்கள் மனம் தளர வேண்டாம். பதிவேடு இருக்குமிடத்தில் பிரதி எடுக்கலாம். அதுவும் அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு. முதலில் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் நாடுங்கள். முன்பு கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அலைந்த வடபகுதி மக்களுக்கு, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டுள்ளது.

நிக்காஹ் செய்து வைக்கும் ஆலிம்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துஆ ஓதி ஸலாம் கொடுத்து எழும்பும் முன், ‘பதிவுக்காரர் வந்துவிட்டாரா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாடு புறப்படும் தம்பதியிடம், ‘பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்துக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் எந்த நாட்டின் எல்லையிலும் தலைகுனிந்து நிற்காதிருக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.