பழைய கணினியைக் கொடுக்கும் முன்…

1998 ஆகஸ்டில் சிம்சன் கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கர் தன் ஊர்க் கடையில் பத்துப் பழைய கணினிகளை வாங்கினார். அவற்றில் ஒன்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சர்வராக இருந்தது. கட்சிக்காரர்கள் வக்கீலை நம்பிச் சொன்ன விவரங்கள் அதில் அப்படியே கிடந்தன. இன்னொன்றில் மனநல உதவி செய்யும் ஓர் அமைப்பின் தகவல் தொகுப்பு இருந்தது. இந்தக் கவனக்குறைவு எவ்வளவு பரவலானது என்று அறிய, பின்னர் எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, சக மாணவர் அபி ஷெலாட்டுடன் சேர்ந்து 158 பழைய ஹார்ட் டிஸ்குகளைத் திரட்டினார். படிக்க முடிந்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மொத்தக் குவியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள். ஒரு டிஸ்க் இல்லினாய் மாநிலத்தில் ஏடிஎம் இயந்திரத்துக்குள் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டுப் பரிவர்த்தனைகள் அதில் பதிவாகியிருந்தன. ஃபார்மேட் செய்யப்பட்ட டிஸ்குகளிலிருந்தும் கோப்புகளை மீட்க முடிந்தது.

2003இல் வெளியான அந்த ஆய்வு இன்று நமக்கு இன்னும் நெருக்கமாக வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத, ஆனால் நன்றாக ஓடுகிற கணினிகள் வீடுவீடாக இருக்கின்றன. சிலர் அவற்றை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்கள். சிலர் உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் பரணில் போட்டுவைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் அந்த லேப்டாப்பில் ஒரு பிள்ளை இன்னும் சில ஆண்டுகள் படிக்கலாம். அதற்கு முன் துடைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஒரு கோப்பை டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் என்ன நடக்கிறது? வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியது போலத்தான். உள்ளே ஆள் அப்படியே குடியிருக்கிறார். ‘இந்த இடம் காலி’ என்று கணினி குறித்துக்கொள்கிறது. அங்கே வேறொன்று எழுதப்படும் வரை ஹார்ட் டிஸ்கில் பழைய எழுத்து போகாது. குயிக் ஃபார்மேட்டும் இதே வேலையைத்தான் மொத்தமாகச் செய்கிறது. ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை வைத்து யார் வேண்டுமானாலும் மீட்டுவிடலாம். அதற்கு நிபுணர் தேவையில்லை.

ஆகவே ஹார்ட் டிஸ்கைப் பொறுத்தவரை வழி ஒன்றுதான்: ஒவ்வொரு இடத்திலும் மேலெழுதுவது. எத்தனை முறை என்பதில் பெரிய குழப்பம் உண்டு. 1996இல் நியூசிலாந்தின் பீட்டர் கட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து ‘35 முறை’ என்ற எண் பிரபலமாகிவிட்டது. அந்தக் காலத்தின் வெவ்வேறு வகை டிஸ்குகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் தந்த கணக்கு அது. இன்றைய டிஸ்குகளுக்கு அது அர்த்தமற்றது என்று கட்மனே பிறகு எழுதினார். ஒரு முறை முழுவதுமாக மேலெழுதினாலே போதும். வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்குக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். விண்டோஸ் விஸ்டா முதலே, குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் கொடுத்தால் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்பட்டுவிடும்.

எஸ்எஸ்டியின் கதை வேறு. ஃபிளாஷ் சிப்புகள் எழுத எழுதத் தேய்பவை. ஓரிடமே தேய்ந்துவிடாமல் இருக்க, உள்ளேயிருக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதுகிறது. பழைய கோப்பின் மேல் எழுதுகிறோம் என்று நாம் நினைப்போம்; புதியது பக்கத்தில் எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் சிப்புகளையே நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். தனித்தனிக் கோப்பாக மேலெழுதி அழிக்கும் வழிகள் எதுவுமே எஸ்எஸ்டியில் உருப்படியாக வேலை செய்யவில்லை. அதைவிட அதிர்ச்சி, அழித்துவிட்டேன் என்று பதில் சொன்ன ஒரு டிரைவில் எல்லாமே பத்திரமாக இருந்தது. ஹார்ட் டிஸ்குக்கு எழுதப்பட்ட டிபேன் போன்ற பழைய கருவிகளை எஸ்எஸ்டியில் ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு உறுதியான துணை என்கிரிப்ஷன். டிரைவில் இருப்பதெல்லாம் பூட்டப்பட்டே இருந்தால், சாவியை அழித்த நொடியில் மீதமிருப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். ஆப்பிள் சிலிகான் அல்லது டி2 சிப் உள்ள மேக்குகளில், 2021இல் வந்த மான்டரே முதல், ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற ஒரே கட்டளை இதைத்தான் செய்கிறது. விண்டோஸில் பிட்லாக்கரையோ டிவைஸ் என்கிரிப்ஷனையோ முதலில் போடுங்கள். பிட்லாக்கர் கேட்கும்போது பயன்படுத்திய இடம் மட்டும் என்பதை விட்டு முழு டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது முடிந்த பிறகு ரெக்கவரி பகுதியில் ‘ரீசெட் திஸ் பிசி’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’. அங்கே செட்டிங்கை மாற்றும் இடத்தில் ‘கிளீன் டேட்டா’ என்பதற்கு ஆம் சொல்ல வேண்டும். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். அலுவலகங்களுக்கென்று வரும் டெல், ஹெச்பி லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் பக்கத்திலேயே டிரைவை அழிக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

துடைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. படங்கள், பத்திர நகல்கள், வருமான வரிக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்க வேண்டாம். போனில் வாட்ஸப்பின் லிங்க்டு டிவைசஸ் பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்குங்கள்.

கணினி ஆன் ஆகவே இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். வேகம் போதவில்லை என்று கடையில் எஸ்எஸ்டி மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். பில்லை வாங்குகிறோம், பழைய ஹார்ட் டிஸ்கைக் கேட்பதில்லை. குடும்பத்தின் பத்து வருட வாழ்க்கை அந்தக் கடையின் அட்டைப்பெட்டியில் தங்கிவிடுகிறது. அது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள்.

சொந்தக் கணினியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பிறருடைய விவரங்களை வைத்திருப்பவர்கள்தான். ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி, ஆதார் நகல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடக்கும் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற நிறுவனம் குத்தகை மிஷின்களை அப்படியே திருப்பிக் கொடுத்ததற்காக 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு மூவிங் கம்பெனியிடம் பழைய சர்வர்களை ஒப்படைத்தது. சில டிஸ்குகள் இணைய ஏலம் வரை போயின. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதாக 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வாங்கிய நோக்கம் முடிந்ததும் விவரங்களை அழிக்க வேண்டும் என்கிறது; பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடும் கடமை இல்லை இது. உங்கள் ஊர் ஸ்கேன் சென்டர் புதுக் கணினி வாங்கினால், பழையது எங்கே போனது என்று கேளுங்கள். கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

உங்கள் பரணில் ஒரு லேப்டாப் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். துடைத்து முடித்ததும் ரெக்குவாவை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் மீளவில்லை என்றால், தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாருக்குக் கணினி இல்லை என்று விசாரித்து, சார்ஜரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.