மகராசி, நடுராத்திரியில் கிளம்ப மாட்டேன் என்றாளே!

இரவு பதினோரு மணி. மூன்று வயதுப் பெண்ணுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மருந்து கொடுத்தாயிற்று, ஈரத்துணி போட்டாயிற்று. வாந்தியும் சேர்ந்துகொண்டது. இவர் வெளியூரில். குழந்தையைத் துண்டில் சுற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளிவந்து ஸ்விட்சை அழுத்தினேன். 'டக்' என்றது. மறுபடி அழுத்தினேன். 'டக்... டக்...' விளக்கு மினுக்கென்று எரிந்து மங்கிப்போயிற்று. என் வண்டிக்குக் கிக்கரும் கிடையாது.

"என்னம்மா, கிளம்ப மாட்டேங்குதா?" என்றார் அத்தை.

"பேட்டரி இறங்கிப்போச்சு போலிருக்கு அத்தை."

"போன வாரமே மக்கர் பண்றதுன்னு சொன்னியே!"

சொன்னேன்தான். சொன்னதோடு சரி. நல்லவேளையாக எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். விடிவதற்குள் காய்ச்சலும் இறங்கியது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வாசற்படியில் நின்ற நிலை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

மிக்ஸி பிளேடு மழுங்கினால் நமக்குத் தெரிகிறது. குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் சத்தத்திலேயே தெரிகிறது. வண்டி பேட்டரி மட்டும் ஏனோ 'அது அவர் பார்த்துக்கொள்வார்' கணக்கில் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுவது என்னவோ நாம்தான்!

பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் சாவதில்லை, சகோதரிகளே. ஹார்ன் சத்தம் ஜலதோஷம் பிடித்தாற்போல் கம்முகிறதா? காலையில் முதல் தடவை செல்ஃப் அழுத்தும்போது இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இண்டிகேட்டர் போடும்போது விளக்கு துவளுகிறதா? இவைதான் முன்னறிவிப்பு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த புது வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பவே மின்சாரம் வேண்டும். ஆகவே கிக்கர் இருந்தாலும், பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் உதைத்து உதைத்துக் கால் வலிப்பதுதான் மிச்சம்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், கந்தக அமிலக் கரைசல். அறைக்குச் சுமார் 2 வோல்ட்; ஆறும் சேர்ந்து 12. (1859-ல் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதி இன்னும் நம் வாசலில் ஓடுகிறது!) இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால், குழாய் வாயில் உப்புப் படிவதுபோல் தகடுகளில் ஒரு வெள்ளைப் படிவம் இறுகிவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. மே மாத லீவில் ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் வண்டி படுத்துவிடுவது இதனால்தான். போகுமுன் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் யாரையாவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவது போதாது. செல்ஃப் தின்றதுகூடத் திரும்பி வராது. தெருமுனைப் பால் பூத்துக்கு நாலு தரம் போய் வருவதும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

இப்போதைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் மூடி திறக்காத பேட்டரி. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மூடியை நெம்பவும் கூடாது. பழைய வண்டியில் ஆறு மூடியுள்ள பேட்டரி இருந்தால், பக்கவாட்டில் இரண்டு கோடுகள் தெரியும். கரைசல் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குடிக்கிற கேன் தண்ணீர் ஆகாது, ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரும் வேண்டாம். ஆசிட்டை ஊற்றவே கூடாது; ஆவியாகிப் போவது தண்ணீர்தானே தவிர ஆசிட் அல்ல.

ஆசிட் என்றதும் சொல்லியாக வேண்டும். என் சிறிய வயதில், உறவினர் வீட்டில் மிச்ச ஆசிட்டை ஒரு கலர் பாட்டிலில் ஊற்றிக் கொல்லை மாடத்தில் வைத்திருந்தார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். விளையாடி வந்த நாலு வயதுப் பிள்ளை தாகத்தில் அதை எடுத்து மூடியைத் திருக, அவன் அம்மா பாய்ந்து தட்டிவிட்டாள். அவள் புடவையில் தெறித்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை; துவைத்து எடுத்தபோது சல்லடையாய்க் கண்ணுக்குக் கண் ஓட்டை! பருத்தித் துணிக்கே இந்தக் கதி என்றால் குழந்தையின் தொண்டை? கடைக்காரர் மிச்ச ஆசிட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று அங்கேயே விட்டு வாருங்கள்.

தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாய்ப்பால், எலுமிச்சை, சோடா மாவு எதையும் கண்ணில் விடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஏறும்போது சுட்டது இறங்கும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக் கழன்று வரும். மூடியுள்ள பேட்டரியானால் அந்த நீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, நன்றாக உலரவிட்டு, வயரை இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின். பல சமயம் 'பேட்டரி போச்சு' என்பதெல்லாம் இந்தப் பூஞ்சைப் பூப்புதான்!

கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், அதாவது நெகட்டிவ். பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இதில் சாஸ்திரம் ஒன்றுமில்லை. நெகட்டிவ் வண்டியின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. அது இருக்கும்போது சிவப்பைத் திருகும் ஸ்பேனர் தப்பித்தவறி உடம்பில் பட்டால் பொறி பறக்கும். அதே காரணத்துக்காக வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தங்கம் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து தோலைத் தீய்த்துவிடும்.

மல்டிமீட்டர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு கருவி கிடைக்கிறது. தெர்மாமீட்டர் வைத்திருக்கிற வீட்டில் இதுவும் இருக்கட்டும் என்பேன். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் பார்த்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? அப்போது குற்றம் பேட்டரியிடம் இல்லாமல் வண்டியின் சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டால், அதுவும் சீக்கிரமே மக்கர் பண்ணும். மெக்கானிக்கிடம், "தம்பி, முதல்ல சார்ஜிங் வருதான்னு பாருங்க" என்று கேளுங்கள். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்!

சார்ஜ் ஏற்றுவதில் அவசரம் ஆகாது. பால்கோவாவுக்குப் பால் சுண்டுவதுபோல் நிதானமாக ஏறவேண்டும். பேட்டரியின் மேல் 5 ஏ.எச். என்று போட்டிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு, அரை ஆம்பியர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். கார் சார்ஜரை மாட்டினால் சூடேறிப் புடைத்துக்கொள்ளும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும், சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே சமையலறை, பூஜை விளக்குப் பக்கம், குழந்தை தூங்கும் அறை மூன்றும் கூடாது. காற்றோட்டமான தாழ்வாரத்தில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே கிளிப்பை மாட்டுவதும் எடுப்பதும்.

இரண்டு மூன்று வருஷம் உழைத்து, சார்ஜ் ஏற்றியும் மறுநாளே இறங்கிவிட்டால் மாற்றும் காலம் வந்தது. அதே வோல்ட், அதே ஏ.எச்., அதே அளவு. பிளஸ், மைனஸ் முனைகளும் அதே பக்கம். தயாரித்த மாதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடை அலமாரியில் ஒரு வருஷம் தூங்கியது நமக்கு எதற்கு? வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள்.

பழையதை அந்தக் கடையிலேயே கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ன் விதிகள் தயாரிப்பாளர்களையே அதற்குப் பொறுப்பாக்கின. நாலு காசு கூடக் கிடைக்கிறதே என்று காயலான் கடையில் போட்டால், உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறவர்களிடம் போய்ச் சேரலாம். அந்தத் தூசு படிந்த மண்ணில் தவழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது அரிக்கிறது. குழந்தைகளுக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை வாசித்துக் காட்டியதும் அத்தைக்குப் பெரும் சந்தேகம். "அப்போ நம்ம ஈயச் சொம்பு ரசம்?"

நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம், அத்தை. பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு உலோகங்கள். கலப்படம் இல்லாத சொம்பாக இருந்தால் ரசம் தாராளமாக வைக்கலாம். புது பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை என் நெயில் பாலிஷால் எழுதி வைத்திருக்கிறேன். மாதம் முதல் தேதி காலண்டரைக் கிழிக்கும்போதே, "மீட்டர் வச்சுப் பாத்தியா?" என்று அத்தைதான் ஞாபகப்படுத்துகிறார்.