மலைநாட்டு வைத்தியச் செலவை ஏற்போர் யாவர்?

காயமுற்றுக் கிடந்த வழிப்போக்கனைச் சத்திரத்திற் சேர்த்த நல்ல சமாரியன், அவனைப் பேணுதற்குரிய பணத்தையும் கொடுத்துச் சென்றனன். நோயாளர்க்கு இரக்கத்தோடு பொருளும் வேண்டும். நீலகிரி ஜில்லாவில் அப்பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

உதகையினின்று கூடலூர் செல்லும் பெருவழியில் உள்ளது பைக்காரா. அதற்கப்பாலுள்ள நடுவட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கார் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டு, மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்து செய்வித்தனர். ஆதலின், பொதுப்பணத்தால் நோய் தீர்த்தல் இம்மலைக்குப் புதிதன்று.

இற்றை நாளில் பொருள் வரும் வழிகள் நான்கு. முதலாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகள். இவற்றிற்கு மாகாண வரிப்பணம் உதவுகின்றது. 2005இல் தோன்றிய தேசியச் சுகாதாரத் திட்டத்தின் செலவிலோ, 100க்கு 60 பங்கை மத்திய சர்க்காரும் 40 பங்கை மாகாணமும் ஏற்கின்றன. இரண்டாவது, தேயிலைத் தோட்டங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம், முதலாளியும் தொழிலாளியும் சந்தா செலுத்துமாறு விதித்தது. அஃது ஆலைகளுக்கென ஏற்பட்டது. தோட்டத்து மக்களுக்கோ, முதலாளியே தன் செலவில் வைத்திய வசதி அளித்தல் வேண்டுமென்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மூன்றாவது, 2009இல் தொடங்கி 2012இல் திருத்தியமைக்கப்பட்ட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். ஏழைக் குடும்பங்களுக்காகச் சர்க்காரே சந்தா செலுத்துகின்றது. நான்காவது, கூடலூரில் 1990இல் தோன்றிய ஆதிவாசி ஆஸ்பத்திரி. ஆதிவாசிகள் தாமே சிறுதொகை சேர்த்துக் காப்பீடு செய்துகொண்டமையும், அன்பர் நன்கொடையும் அதனைத் தாங்கின.

வழிகள் பலவாயினும் குறை ஒன்றுண்டு. தோட்ட வைத்தியம் வேலையோடு பிணைந்தது. முதுமையால் வேலையினின்று நீங்கியவர்க்கு அப்பிணைப்பு அறும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. எனினும் அங்குச் செல்லும் பஸ் கட்டணத்தையும், உடன் வரும் மகன் இழக்கும் ஒருநாட் கூலியையும் கொடுப்பாரில்லை.

கனடா தேசத்திலும் மாகாணந்தோறும் ஏற்பாடு வேறுபடும். சஸ்காச்சுவான் மாகாணம் 1947இல் ஆஸ்பத்திரிச் செலவையும், 1962இல் வைத்தியர் ஊதியத்தையும் பொதுப்பணத்தால் ஏற்றது. ஆயினும் 1984ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய சர்க்காரின் உதவித்தொகை பெறும் மாகாணங்களுக்குச் சில நிபந்தனைகளை வகுத்தது. ஒரு மாகாணத்தினின்று மற்றொன்றிற்குக் குடிபெயர்பவன் இடையில் வைத்தியப் பாதுகாப்பை இழத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

நாம் கைக்கொள்ளத்தக்கது இவ்விதியே. பணம் எவர் பையினின்று வரினும், வேலையும் இருப்பிடமும் மாறுங்காலத்து வைத்தியமும் மனிதனைத் தொடர்ந்து செல்லல் வேண்டும். நம் கல்லூரியினின்று வைத்தியம், சட்டம், கணக்கு முதலிய துறைகளிற் புகும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.