பிசிக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா? ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்குச் சில யோசனைகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஓசூர் பகுதியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "பையன் பிஎஸ்சி பிசிக்ஸ் சேரணும்கறான். படிச்சா வேலை கிடைக்குமா?" கம்ப்யூட்டர் துறையில் இருப்பவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நான் இன்ஜினியரிங் படித்தவன். தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் சாப்ட்வேர் எழுதுகிறேன். ஆனால் என் அத்தை மகன் இப்போது பிஎஸ்சி பிசிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்காக நான் தேடித் தெரிந்துகொண்டவை மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்சி பிசிக்ஸ் பட்டம் மட்டும் கையில் இருந்தால் "இயற்பியலாளர்" வேலை எதுவும் காத்திருக்காது. அது ஒரு அடித்தளம். அதன் மேல் என்ன கட்டப்போகிறோம் என்பதை முதல் ஆண்டிலேயே யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிசிக்ஸ்

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காக பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி ஆகிய மூவருக்கும் 1956-ல் பிசிக்ஸ் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு பல மடங்கு உயரக் காரணமான காந்தமின்தடை விளைவுக்கு 2007-ல் நோபல். இண்டர்நெட்டில் நாம் பார்க்கும் வெப் என்ற அமைப்பை 1989-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்வைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆக்ஸ்போர்டில் பிசிக்ஸ் பட்டம் பெற்றவர். 2024-ல் செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படை போட்ட ஹாப்பீல்டு, ஹிண்டன் இருவருக்கும் கிடைத்ததும் பிசிக்ஸ் நோபல்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை இருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னப் படிகம் ஒரு செகண்டில் 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இரண்டால் 15 முறை வகுத்துப் பாருங்கள், சரியாக 1 வரும். அந்த வகுத்தலை ஒரு டிஜிட்டல் சர்க்யூட் செய்கிறது. முள் ஒரு செகண்டுக்கு ஒரு முறை நகர்கிறது. படிகத்தின் அதிர்வு பிசிக்ஸ். வகுப்பது கம்ப்யூட்டர் கணக்கு. இரண்டும் தெரிந்தவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறக்கும்.

முதல் ஆண்டில் மூன்று வேலைகள்

ஒன்று, கணிதத்தை விடாதீர்கள். பிசிக்ஸில் பின்தங்குகிறவர்களில் பலர் உண்மையில் கணிதத்தில்தான் பின்தங்குகிறார்கள். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வெக்டார், மேட்ரிக்ஸ் நான்கும் கைவர வேண்டும். தினமும் ஐந்து கணக்கு, விடையைப் பார்க்காமல் போட்டால் போதும்.

இரண்டு, மொழி. தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவர்களுக்குக் கல்லூரியில் திடீரென்று எல்லாம் ஆங்கிலமாகி விடுகிறது. உந்தம் என்று படித்தது மொமெண்டம் ஆகிறது. நிலைமம் இனெர்ஷியா ஆகிறது. பாடம் தெரிந்திருந்தும் வார்த்தை தெரியாமல் பின்வரிசையில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு நோட்டில் இரண்டு வரிசையாகச் சொற்களை எழுதி வாருங்கள். ஒரு செமஸ்டரில் பயம் போய்விடும்.

மூன்று, புரோகிராமிங். பைத்தான் மொழி இலவசம், எளிது. இன்றைய பிசிக்ஸ் ஆராய்ச்சியில் இது இல்லாமல் நகராது. ஒருவேளை பிசிக்ஸை விட்டு சாப்ட்வேர் பக்கம் வந்தாலும் இது வீணாகாது.

வீட்டிலேயே ஒரு ஆய்வகம்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கிறதா? ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் நெட்டு வரிசையில் நேரம்: 0, 0.1, 0.2 என்று செல்லட்டும். இரண்டாவதில் வேகம், முதல் செல்லில் 0. அடுத்த ஒவ்வொரு செல்லிலும் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: முந்தைய வேகத்தை 0.5-ஆல் பெருக்கி, 9.8-லிருந்து கழித்து, வருவதை 0.1-ஆல் பெருக்கி, முந்தைய வேகத்துடன் கூட்டவும். பார்முலாவை 150 வரிசைக்கு இழுத்து விடுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போய் 19.6-ஐ நெருங்கி நின்றுவிடும். காற்றுத் தடையுடன் விழும் பொருளின் முற்றுத் திசைவேகம் அதுதான். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது கிராபில் கண்முன்னே தெரியும். 0.5-ஐ மாற்றி மாற்றிப் பாருங்கள். தொழிற்சாலைகளில் சிமுலேஷன் என்று பெரிதாகச் சொல்லப்படுவதன் முதல் படி இதுதான்.

அடுத்து, ஸ்மார்ட்போன். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான பைபாக்ஸ் என்ற அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்தால், போனில் உள்ள சென்சார்கள் அளவுக் கருவிகளாகின்றன. போனைப் பத்திரமாகக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து போனின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் இருக்கும்படி தொங்கவிட்டு லேசாக ஆட்டினால், ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய 2 செகண்ட் என்று காட்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். சில விலை குறைந்த போன்களில் இதற்கு வேண்டிய ஜைரோஸ்கோப் இருக்காது. முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் தளத்தில் உள்ள செய்முறை மாதிரிகளில் பல தமிழிலேயே கிடைக்கின்றன. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் தளத்தில் முழுப் பாடங்களும் வீடியோவாக உள்ளன. பெய்ன்மனின் புகழ்பெற்ற பிசிக்ஸ் விரிவுரைகளை கால்டெக் தன் தளத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. எல்லாவற்றையும் புக்மார்க் செய்து வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், முழுதாக முடியுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நம் மாவட்ட மாணவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி பெங்களூரு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியே ஓசூரில் பள்ளிப் படிப்பு முடித்து பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குத்தான் போனார். இன்று நம் ஆட்கள் வேலைக்கு மட்டும் எல்லையைத் தாண்டுகிறோம்.

அங்கே இந்திய அறிவியல் கழகம் எனப்படும் ஐஐஎஸ்சி, சர் சி.வி. ராமன் 1948-ல் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையம், இந்திய வானியற்பியல் நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஐஐஎஸ்சி ஆண்டுதோறும் ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. தளத்தில் தேதி பார்த்துப் போய் வாருங்கள். ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் படிப்பு வேறு மாதிரி தெரியும். வானியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான்நோக்குக் கூடமும் அதிக தூரமில்லை.

கர்நாடக அரசுக் கல்லூரி இடங்களுக்கு அந்த மாநிலத்தின் இருப்பிட விதிகள் உண்டு. ஆனால் ஐஐஎஸ்சி, ஐஐடி போன்றவை மத்திய நிறுவனங்கள். அங்கே நீங்கள் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு.

ஜாம் தேர்வு

அந்த நுழைவுத் தேர்வின் பெயர் ஜாம். ஐஐடிகளில் எம்எஸ்சி சேரவும், ஐஐஎஸ்சியில் இண்டகிரேட்டட் பிஎச்டி சேரவும் இதை எழுத வேண்டும். வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். கல்லூரியில் நோட்டீஸ் போடுவார்கள் என்று காத்திருந்தால் தேதி போய்விடும்.

கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பிரிவில் 30 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இரண்டாவதில் 10, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். மூன்றாவதில் 20, விடையை எண்ணாக டைப் செய்ய வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளிலும் நெகட்டிவ் மதிப்பெண் இல்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இலவசமாகவே டவுன்லோட் செய்யக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

வேறு வழிகள்

எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எப் தகுதி பெற்றால், ஆராய்ச்சி செய்யும்போதே உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் இது மாதம் 37,000 ரூபாய். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி எம்எஸ்சி பிசிக்ஸ் படித்தவர்களைத் தேர்வு மூலம் எடுக்கிறது. புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளுக்கு மெடிக்கல் பிசிசிஸ்ட் அவசியம். அதற்குத் தனிப் படிப்பு உண்டு. பிஎட் சேர்த்துப் படித்தால் ஆசிரியர் பணி. கணிதம் படித்தவர்கள் எம்சிஏவும் சேரலாம்.

கம்பெனி வேலையா, மேற்படிப்பா?

இப்போது என் அத்தை மகன் கதைக்கு வருகிறேன். மாமா சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் மெஷின் ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி இவன்தான். டிகிரி முடிந்ததும் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடு என்கிறார் மாமா. சுற்றிலும் தொழிற்சாலைகள். ஓசூர் அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா என்று புதியவையும் வந்துவிட்டன. கேட்டால் ஏதாவது ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்துவிடும். மாமா சொல்வது தப்பே இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது: அவன் ஜாம் இரண்டு முறை எழுதலாம். படிக்கும்போதே ஒரு முறை, முடித்த பிறகு ஒரு வருடத்துக்குள் ஒரு முறை. அந்த ஒரு வருடம் டியூஷன் எடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் வேலையோ எம்சிஏவோ, வருத்தம் கூடாது. "ஒரு வருஷம்னா ஒரு வருஷம்தான்" என்றார் மாமா. அவன் தலையாட்டியிருக்கிறான்.

எல்லை இல்லாத காத்திருப்புதான் குடும்பங்களைப் பயமுறுத்துகிறது. தேதி போட்டுக் கேட்டால் பெரும்பாலான அப்பாக்கள் ஒத்துக்கொள்வார்கள். ராமனே 1907-ல் நிதித் துறை வேலையில் சேர்ந்து, பத்து வருடம் ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில்தான் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார். வேலைக்குப் போனதும் பிசிக்ஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எனவே பிசிக்ஸில் விருப்பம் இருந்தால் தைரியமாகச் சேருங்கள். ஆனால் கணித நோட்டையும் காலண்டரையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்!