பெயர் மாறிய கலம்: ஹெர்மயோனி போர்க்கப்பலின் பணி வரலாறு (1782–1805)

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பணி வரலாறு பெரும்பாலும் வெள்ளோட்டம், கேப்டன்களின் பெயர்கள், போர்கள், கைப்பற்றிய கலங்கள், உடைப்பு என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. நான்கு பெயர்களைத் தாங்கிய ஹெர்மயோனியை விளக்க அவ்வரிசை போதாது. தன் கலத்தில் நிகழ்ந்த கலகத்தைக் கடற்படை எவ்வாறு நினைவில் கொள்ள விரும்பியது என்பதற்கு அப்பெயர்களே சான்று.

முதன்மைப் பீரங்கிகள் ஒரே தளத்தில் அமைந்த விரைவுக் கலமே பிரிகேட். 32 பீரங்கிகள் கொண்ட ஹெர்மயோனி 1782 செப்டம்பரில் பிரிஸ்டலில் நீரில் இறக்கப்பட்டது. கிரேக்கத் தொன்மத்தில் ஹெலனின் மகள் பெயர் அதற்கு இடப்பட்டது. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபின் மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய அக்கலம், மறு ஆண்டு போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகம் கைப்பற்றப்பட்டதில் பங்கு கொண்டது.

1797 பிப்ரவரியில் ஹியூ பிகட் கேப்டனானார். கடற்படைத் தளபதி ஒருவரின் மகனான இவர், சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகட்டின் தம்பி மகனும் ஆவார். அவ்வாளுநர் 1776இல் தம் ஆலோசனைக் குழுவினராலேயே சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு காவலில் இறந்தார். கீழிருந்தோரால் வீழ்த்தப்பட்ட பிகட்டுகள் இருவர் என்பது வியப்பான ஒற்றுமை. கேப்டன் பிகட் முன்னர்ச் செலுத்திய சக்சஸ் கப்பலில் ஒன்பது மாதங்களுக்குள் குறைந்தது 85 கசையடித் தண்டனைகள் விதித்தார்; அடிபட்டோரில் இருவர் இறந்தனர்.

ஹெர்மயோனியிலும் அம்முறையே தொடர்ந்தது. 1797 செப்டம்பர் 20 அன்று, பாய் கட்டிய குறுக்குமரத்திலிருந்து கடைசியாக இறங்குபவருக்குக் கசையடி என்று பிகட் அறிவித்தார். அஞ்சி விரைந்த மூவர் தளத்தில் விழுந்து மாண்டனர். அவர்களுடைய உடல்களைக் கடலில் எறியுமாறு அவர் இழிசொல்லுடன் ஆணையிட்டார். மறுநாள் இரவு கலகம் வெடித்தது. பிகட் உள்ளிட்ட அதிகாரிகள் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் கூலி உயர்வும் நல்லுணவும் கேட்டுப் பெருமளவு அமைதியாக நின்றனர். இங்கோ கோரிக்கை எதுவும் முன்வைக்கப்படவில்லை. கலகக்காரர்கள் கப்பலை லா குவைரா துறைமுகத்தில் ஸ்பானியரிடம் ஒப்படைத்தனர். அது சாண்டா செசீலியா ஆயிற்று.

1799 அக்டோபர் 25 அன்று, சர்ப்ரைஸ் கப்பலின் கேப்டன் எட்வர்டு ஹாமில்டன் ஏறத்தாழ நூறு பேருடன் படகுகளில் சென்று, புவேர்ட்டோ கபேல்யோ கோட்டைப் பீரங்கிகளின் கீழிருந்து அதனை மீட்டார். ஸ்பானியர் 119 பேர் மாண்டனர்; தாக்கியோரில் ஒருவரும் இறக்கவில்லை. ஜமைக்காவின் தளபதி ஹைடு பார்க்கர் மீட்ட கலத்துக்கு ‘பழிவாங்கல்’ எனப் பொருள்படும் ரிட்டாலியேஷன் என்று பெயரிட்டார். 1800இல் லண்டன் தலைமையகம் அதனை ரிட்ரிபியூஷன் என மாற்றியது. இச்சொல்லுக்குத் தமிழில் ‘ஒறுப்பு’ என்பதே நெருங்கிய பொருள். பழி தனிமனிதச் சினத்தைச் சார்ந்தது. ஒறுப்போ நீதியின் பெயரால் நிகழ்வது. தலைமையகம் இரண்டாவதைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

அந்நீதி ஒரு பக்கமே பாய்ந்தது. பல ஆண்டுத் தேடலில் பிடிபட்ட 33 பேரில் 24 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் தாமஸ் நாஷ் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் சிக்கி, தான் ஜோனதன் ராபின்ஸ் என்னும் அமெரிக்கக் குடிமகன் என வாதிட்டார். குடியரசுத் தலைவர் ஆடம்ஸ் அவரைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்க இசைந்தது அந்நாட்டில் பெரும் அரசியல் பூசலாயிற்று. மாண்ட பிகட்டின் கொடுமையோ எந்த நீதிமன்றத்திலும் தனி வழக்காகவில்லை. மீட்புக்காக வீரப்பட்டம் பெற்ற ஹாமில்டனே 1802இல் தம் கப்பலின் பீரங்கி அலுவலரைக் கயிறுகளில் கட்டி வைத்த குற்றத்துக்காகப் பதவி நீக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டார்.

1805 ஜூனில் தெட்ஃபர்டில் உடைக்கப்பட்டபோதும் அக்கலத்தின் பெயர் ரிட்ரிபியூஷனாகவே இருந்தது.